எட்டடி பின்னால்

கரைகள் பராமரிப்புத் துறைக்கு நான்கு அனைத்து நிலப்பரப்பு ஊர்திகள் வந்து இறங்கிய அன்று, பொதுமக்கள் நல்வாழ்வில் ஒரு பொன்னாள் உதயமாகியிருப்பதாகச் சுற்றறிக்கை சொன்னது. சேறு, மணல், கல், முள் எதிலும் ஓடக்கூடிய வண்டிகள் அவை. கொழுத்த சக்கரம் நாலு, இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரும் இருக்கை, சைக்கிள் மாதிரி ஒரு கைப்பிடி, பின்னால் சாமான் வைக்கக் கம்பித் தட்டு. மழைக்காலத்தில் ஏரிக்கரையில் எங்கே விரிசல், எங்கே ஓட்டை என்று சேற்றுக்குள் இறங்கிப் பார்ப்பதற்காக வாங்கியவை. வந்த நாளிலிருந்து அவை சேற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. சேற்றில் இறக்கினால் அழுக்காகும் என்று துணை இயக்குநர் உத்தரவு போட்டிருந்தார்.

இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தும் நாலே மாதத்தில் பத்து பெல்ட் எரிந்துபோயிற்று. கூடவே மூன்று கிளட்ச். ஒரு பெல்ட் கடல் தாண்டி வர வேண்டும். அதன் விலை துறையின் மெக்கானிக்குக் கிடைக்கும் இரண்டு மாதக் கூலி. கிளட்சின் விலையை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சரி, வீட்டில் போய்ச் சொல்லவில்லை. சொன்னால், அதைத் திருடிக்கொண்டு வந்தால் என்ன என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயம்.

மெக்கானிக் அந்த அலுவலகத்தின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வருடமும் தற்காலிகமாக. கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் உண்மை. இரண்டும் துடைத்தாலும் போகாதவை. முதலாவதால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒவ்வொரு பெல்ட் எரிந்தபோதும் அவர் படிவம் பத்தொன்பதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். தேய்மானக் காரண அறிக்கை என்று அதற்குப் பெயர். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. இயற்கைச் சீற்றம், பொருளின் குறைபாடு, ஓட்டுநரின் கவனக்குறைவு. உலகத்தில் எந்தப் பொருள் தேய்ந்தாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான் தேய வேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. நான்காவது காரணத்தால் தேய்கிற பொருளுக்குப் படிவம் கிடையாது.

முதல் ஐந்து பெல்ட்டுக்கு மெக்கானிக் இயற்கைச் சீற்றம் என்று குறித்தார். என்ன சீற்றம் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். காற்று என்று எழுதினார். அதற்குமேல் காற்று போதாது என்றார்கள். அடுத்த ஐந்துக்குப் பொருளின் குறைபாடு என்று குறித்தார். பெல்ட் செய்கிற கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, பத்து பெல்ட்டையும் முகர்ந்து பார்த்து, எங்கள் பெல்ட்டில் குறை இல்லை, அது பட்ட பாட்டில்தான் குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினோராவது பெல்ட் எரிந்தபோது மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தில் குறிக்கத்தான் மெக்கானிக்குக் கை வரவில்லை. ஏனென்றால் ஓட்டுநர் வேறு யாரும் இல்லை, அவருடைய தங்கச்சி புருஷன்.

மாப்பிள்ளை ஒன்பது வருடமாகத் தற்காலிக ஓட்டுநர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு பல மேசைகளில் பல பருவங்களைக் கழித்துவிட்டு, துணை இயக்குநரின் மேசைவரை வந்து, அங்கே டீ டம்ளருக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி. இந்த நேரத்தில் அவர் பெயரில் ஒரு கவனக்குறைவு ஏறினால் போச்சு, நாளை முதல் வர வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

தங்கச்சி வீட்டில் எல்லாமே நிரந்தரத்துக்காகக் காத்திருந்தது. ஒழுகுகிற கூரை, உடைந்த அலமாரி, பல் டாக்டரிடம் போவது எல்லாம் நிரந்தரம் ஆகட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடப்பட்டிருந்தன. மாமியாரோடு போட வேண்டிய ஒரு பெரிய சண்டையைக்கூட அவள் ஒன்பது வருடமாக ஒத்திவைத்திருந்தாள். அதற்கான வசனங்கள் எல்லாம் அவளிடம் தயாராக இருந்தன.

"அண்ணே, நீ என்ன வேணா எழுது," என்றாள். "பூகம்பம்னு எழுது, பேய்னு எழுது. அந்த ஒரு வார்த்தைய மட்டும் எழுதிடாத."

பெல்ட் ஏன் எரிகிறது என்பது மெக்கானிக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும். மூக்கு உள்ள எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் இயக்குநரின் காலை நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இயக்குநருக்குச் சர்க்கரை. தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதன்படி தினமும் காலையில் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரைச் சிமெண்டுப் பாதையில் நடப்பார். நடக்கும்போது களைத்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக ஓர் ஊர்தி அவருக்கு எட்டடி பின்னால் வர வேண்டும் என்று ஏற்பாடு. ஒன்பதடி என்றால் அலட்சியம், ஏழடி என்றால் அவமரியாதை. இயந்திரத்தை அணைக்கக் கூடாது, ஏனென்றால் அவர் உட்கார்ந்த பிறகு கிளப்பினால் அவர் காத்திருந்ததாக ஆகும். முந்தக் கூடாது. நிற்கவும் கூடாது, நின்றால் எட்டடி பத்தடி ஆகிவிடும். பின் தட்டில் துணை இயக்குநர், அவர் மடியில் அன்றைய கோப்புகள், பக்கத்தில் மடக்கு நாற்காலி, பிளாஸ்க், குடை. துணை இயக்குநர் ஒருவரே மூன்று மூட்டை எடை வருவார்.

இயக்குநரோ மெள்ள நடப்பவர். நாலடி நடந்து ஒரு கொக்கைப் பார்ப்பார். கொக்கு பறந்தால் அது எங்கே போகிறது என்று பார்ப்பார். கொக்கு பறக்காவிட்டால் ஏன் பறக்கவில்லை என்று பார்ப்பார்.

இந்த வண்டியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு தடித்த ரப்பர் பெல்ட். வேகம் எடுத்தால் கப்பி பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும், வண்டி போகும். வேகம் குறைந்தால் விட்டுவிடும், வண்டி நிற்கும். பிடித்தும் பிடிக்காமலும் நாற்பது நிமிடம் வைத்திருந்தால் பெல்ட் வழுக்கும், சூடாகும், கருகும். மெள்ளப் போவதற்கென்றே ஒரு கியர் இருக்கிறதே என்று மாப்பிள்ளை அதையும் போட்டுப் பார்த்தார். அதில் இயந்திரம் உறுமியது, கொக்கு ஓடிவிட்டது, இயக்குநர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்குப் பிறகு அந்தக் கியரை யாரும் தொடவில்லை.

கருகிய ரப்பர் வாடை தினமும் கரை முழுக்க வீசியது. அது ஏரியின் வாடை என்று இயக்குநர் நினைத்தார். ஏரியை இரண்டு முறை தூர்வாரச் சொல்லி உத்தரவிட்டார். தூர்வாரினார்கள். வாடை போகவில்லை, கொக்குதான் போயிற்று.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பெரிய மனுஷன் எதைச் செய்கிறானோ அதுதானே ஊருக்கு நாகரிகம். கல்வித்துறை இயக்குநர் எட்டடி பின்னால் ஓர் ஊர்தியோடு நடந்தார். பத்திரப் பதிவுத்துறைக்காரர் இரண்டு ஊர்திகளோடு நடந்தார். ஊரின் பெரிய துணிக்கடைக்காரர் ஒன்று வாங்கி, மனைவி கோயிலுக்குப் போகும்போது பின்னால் ஓட்டச் சொன்னார். பின்னால் வண்டி வராமல் நடக்கிறவனைப் பார்த்து, பாவம் நடந்து போகிறான் என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். ஊரில் காலை நேரத்தில் எங்கே பார்த்தாலும் ரப்பர் வாடை. அதற்கு 'வசதி வாசம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

பதினோராவது பெல்ட்டின் படிவத்தோடு மெக்கானிக் இரண்டு நாள் மல்லுக்கு நின்றார். பூகம்பம் என்று எழுத மனசு வரவில்லை. மூன்றாம் நாள், மூன்று கட்டங்களுக்கும் கீழே ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டார். அதற்குப் பக்கத்தில் முத்து முத்தாக எழுதினார்: இயக்குநர் மெதுவாக நடந்தமை. அதில் ஒரு டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, தலைமை எழுத்தரிடம் கொடுத்துவிட்டார்.

தலைமை எழுத்தர் ஒரு அம்மா. துறையின் ஆயிரத்து நூறு விதிகளும் அவருக்கு மனப்பாடம். எல்லோரும் விதியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் படிவத்தைப் பார்த்தார். இயக்குநரைப் பற்றி எழுதியிருந்தது அவரைப் பாதிக்கவில்லை. படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருப்பதைப் பார்த்துத்தான் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, படிவத்தையும் மெக்கானிக்கையும் துணை இயக்குநரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

துணை இயக்குநர் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலையும் சாத்தச் சொன்னார்.

"அப்ப என்ன சொல்ற? ஐயாவோட கால்தான் பெல்ட்ட எரிக்குதுங்கிறியா?"

"கால் இல்ல சார், வேகம். வண்டின்னா ஓடணும், இல்ல நிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல வச்சா எரியத்தான் செய்யும்."

வண்டியை முன்னால் அனுப்பி, நடை முடிகிற இடத்தில் நிறுத்திவைக்கலாமே என்று மெக்கானிக் யோசனை சொன்னார். ஐயாவுக்கு முன்னால் எவரும் எதுவும் போகலாகாது என்று விதியம்மா விதி எண்ணோடு சொன்னார். அப்படியானால் பின்னாலேயே ஓரிடத்தில் நிற்கட்டும், கூப்பிட்டால் வரட்டும் என்றார் மெக்கானிக். ஐயா திரும்பிப் பார்க்கும்போது பின்னால் வெறும் ரோடு இருந்தால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டார் துணை இயக்குநர். மூன்றாவது யோசனையாக, ஐயா மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் பெல்ட்டுக்கு நல்லது என்றார் மெக்கானிக். துணை இயக்குநர் இதைக் கொஞ்சநேரம் தீவிரமாக யோசித்தார். பிறகு, டாக்டரிடம் இதை யார் சொல்வது என்று கைவிட்டார்.

"நீயே சொன்னியே, வண்டி ஓடணும் இல்ல நிக்கணும்னு," என்றார் கடைசியில். "இஞ்சின நிறுத்திட்டா பெல்ட் தேயுமா?"

"தேயாது சார். ஆனா வண்டி எப்படிப் போகும்?"

துணை இயக்குநர் ஜன்னலைத் திறந்தார். வெளியே தோட்டக்காரர், காவல்காரர், கடைநிலை ஊழியர்கள் என்று ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. மெக்கானிக்கின் தொழில்நுட்பப் பரிந்துரையின் பேரில், பெல்ட் மற்றும் கிளட்ச் பாதுகாப்பினை முன்னிட்டு, ஊர்தி இனி மனித ஆற்றலால் இயக்கப்படும் என்று அதில் இருந்தது. ஓட்டுநர் மேலே உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிப்பார். ஆறு பேர் பின்னாலிருந்து தள்ளுவார்கள். இயந்திரச் சத்தம் வேண்டுமே, அதற்கு மாப்பிள்ளை வாயாலேயே மெதுவாக உறும வேண்டும் என்று ஒரு உட்பிரிவு. இரண்டு நாளில் மாப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியதும் அந்த உட்பிரிவை மட்டும் ரத்து செய்தார்கள்.

தள்ளுகிற ஆறு பேரும் மெக்கானிக்கை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். நல்லதுக்குக் காலம் இல்லை என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு தானும் சேர்ந்து தள்ளினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு மாதம் ஒரு பெல்ட்கூடத் தேயவில்லை. ஊர்தியை இயக்காமலே இயக்கிய துறை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. மாப்பிள்ளையின் கோப்பு டம்ளருக்கு அடியிலிருந்து வெளியே வந்து மேசையின் நடுவுக்கு நகர்ந்தது. தங்கச்சி அலமாரி விலை விசாரித்துவிட்டு வந்தாள்.

முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று துணை இயக்குநரும் பின் தட்டிலிருந்து இறங்கித் தள்ள ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை. இரண்டு மாதத்தில் அவர் தொப்பை கரைந்துபோயிற்று. சட்டை தொளதொளத்தது. போன கொக்கைத் தேடிக்கொண்டே நடந்த இயக்குநருக்கோ சர்க்கரை ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஒருநாள் அவர் திரும்பி, துணை இயக்குநரின் இடுப்பை வெகுநேரம் பார்த்தார். அன்று மாலையே, நாளை முதல் தானும் தள்ளப்போவதாக அறிவித்துவிட்டார்.

ஐயா தள்ளலாம், நாம் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. ஐயாவுக்குப் பக்கத்தில் சரிசமமாக நிற்க முடியாது. முன்னால் நிற்கவே முடியாது. ஆகவே ஐயா வண்டியைத் தள்ளுவார். ஐயாவுக்குப் பின்னால் துணை இயக்குநர் நின்று ஐயாவை மரியாதையாகத் தள்ளுவார். அவரைத் தலைமை எழுத்தர், அவருக்குப் பின்னால் கடைநிலை ஊழியர்கள், அதற்கும் பின்னால் தற்காலிகங்கள், பணிமூப்பு வரிசைப்படி ஒருவர் முதுகில் ஒருவர் கைவைத்துத் தள்ள வேண்டும் என்று முடிவாயிற்று.

"அப்ப மேல உக்காந்திருக்கிற ஓட்டுநர்?" என்று விதியம்மா கேட்டார். இயக்குநர் உடலுழைப்பில் ஈடுபட்டிருக்கையில் அவர் முன்னிலையில் உட்கார்ந்திருக்க அவருக்கு மேலான அதிகாரிக்கு மட்டுமே உரிமை. ஒன்று, தற்காலிக ஓட்டுநரை இயக்குநருக்கு மேலான பதவிக்கு உயர்த்த வேண்டும். இல்லையென்றால் கீழே இறக்க வேண்டும். இரண்டையும் பரிசீலித்து, காலியிடம் இல்லாத காரணத்தால் இறக்குவது என்று தீர்மானித்தார்கள்.

கைப்பிடியை யார் பிடிப்பது என்று மெக்கானிக் கேட்டார். பாதை ஏறக்குறைய நேர் என்றார் துணை இயக்குநர். மதகுக்குப் பக்கத்தில் வளைவும் சரிவும் இருக்கிறது, அங்கே கம்பித் தடுப்புகூடக் கிடையாது என்றார் மெக்கானிக். ஏறக்குறைய என்று சொன்னேனே, காது கேட்கவில்லையா என்றார் துணை இயக்குநர்.

மறுநாள் காலை ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஆளில்லாத ஊர்தி, பின்னால் பதவி வரிசையில் ஒரு துறையே ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு. பன்னிரண்டு வருடத் தற்காலிகமான மெக்கானிக் கடைசிக்கு முந்தி. ஒன்பது வருடத் தற்காலிகமான மாப்பிள்ளை கடைசியில். மதகுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சரிவு வந்ததும் வண்டிக்குத் தானாக உற்சாகம் வந்துவிட்டது. இயக்குநர் கையை எடுத்தார். வண்டி வளைவில் வளையாமல் நேராகப் போய், கரையிலிருந்து எட்டிக் குதித்து, இரண்டு முறை தூர்வாரிய ஏரியில் இறங்கியது. தூர்வாரியிருந்ததால் நல்ல ஆழம். கொஞ்ச நேரம் குமிழி வந்தது. பிறகு அதுவும் இல்லை.

படிவம் பத்தொன்பது மெக்கானிக்கின் முன்னால் வைக்கப்பட்டது. இம்முறை அதன் அடிப்பக்கத்தை நான்காவது கட்டம் போட முடியாதபடி வெட்டி எடுத்திருந்தார்கள்.

"கவனக்குறைவுன்னு போடு," என்றார் துணை இயக்குநர்.

"அவர் ரெண்டு கையும் என் முதுகுல இருந்துச்சு சார்."

"அதத்தான்யா நானும் சொல்றேன். ஓட்டுநரோட கை எங்க இருக்கணும், கைப்பிடியில இருக்கணுமா, உன் முதுகுல இருக்கணுமா?"

மெக்கானிக்குத் தங்கச்சியின் முகம்தான் கண்ணில் வந்தது. என் கையை வெட்டினாலும் போடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாய் திறந்து சொல்லத் தைரியம் வரவில்லை, பேனாவை மட்டும் கீழே வைத்தார்.

அப்போதுதான் விதியம்மா தொண்டையைச் செருமினார். இத்தனை பெரிய இழப்புக்குத் தற்காலிகப் பணியாளரைப் பொறுப்பாக்க விதியில் இடமில்லையாம். ஒரு பெல்ட் என்றால் அவனை வீட்டுக்கு அனுப்பிக் கணக்கை முடிக்கலாம். முழு ஊர்தி என்றால் பொறுப்பு ஏற்க நிரந்தரப் பணியாளர் ஒருவர் வேண்டும். அப்படி யாரும் அகப்படாவிட்டால் ஊர்தியைக் கடைசியாகத் தொட்டுக்கொண்டிருந்த நிரந்தரப் பணியாளரே பொறுப்பு.

கடைசியாகத் தொட்டுக்கொண்டிருந்தவர் யார் என்று மூன்று பேரும் யோசித்தார்கள். யோசித்ததும் மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

பத்து நிமிடத்தில் மாப்பிள்ளையின் கோப்பில் கையெழுத்து விழுந்தது. ஒன்பது வருடம் நகராத கோப்பு அன்று மூன்று அறைகளை ஓடியே கடந்தது. விபத்துக்கு முதல்நாள் தேதியிட்டு அவர் நிரந்தர ஓட்டுநராக நியமிக்கப்பட்டார், விபத்து தேதியிட்டுத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். இரண்டு உத்தரவும் ஒரே உறையில் வந்தன.

"இதுக்கப்புறம் என்னாகும்மா?" என்று மெக்கானிக் விதியம்மாவிடம் தனியாகக் கேட்டார்.

"விசாரணை முடியிற வரைக்கும் வீட்ல இருக்கணும். பாதிச் சம்பளம் வரும். இப்ப வாங்குற கூலிய விட அது ஜாஸ்தி."

"விசாரணை எப்ப முடியும்?"

"போன விசாரணை இருபத்திரெண்டு வருஷம் நடந்துச்சு. அவர் ரிட்டயர் ஆயி பென்ஷனும் வாங்கிட்டாரு. ஃபைல் மட்டும் இன்னும் வேலையில இருக்கு."

மெக்கானிக் திரும்பி வந்து பேனாவை எடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, தெரிந்தே, அழகான கையெழுத்தில் ஒரு பொய்யை எழுதினார்.

அன்று சாயங்காலம் தங்கச்சி தெருவில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். வீட்டுக்காரரை நிரந்தரமாக்கிவிட்டார்கள், வேலைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். கடைசி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்த கையோடு, ஒன்பது வருடமாக ஒத்திவைத்திருந்த சண்டையை மாமியாரோடு போட்டு முடித்தாள். மாமியாரும் சளைக்கவில்லை, அவரும் ஒன்பது வருடமாகத் தயாரித்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தபோது தகரக் கொட்டகைக்கு வெளியே தற்காலிகங்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். போனவாரம்வரை அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்த அதே ஆட்கள். அண்ணே, அடுத்த கவனக்குறைவு என்னோடதா இருக்கட்டும் என்று தோட்டக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். காவல்காரர் அவரைவிட நான் கவனக்குறைவானவன் என்று சான்றுகளோடு வாதாடினார்.

இதற்கிடையில் இயக்குநருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. ஆகவே பொதுநலன் கருதித் தள்ளுதல் தொடர்ந்தது. இரண்டாவது ஊர்தி ஏரியில் இறங்குவதற்கு முதல்நாள் துணை இயக்குநரின் மச்சினன் தற்காலிக ஓட்டுநராகச் சேர்ந்திருந்தான். அவன் நிரந்தரமாகி வீட்டுக்குப் போனான். மூன்றாவதில் தோட்டக்காரர் போனார். அதற்குக் குடும்பத்தோடு வந்திருந்தார், கரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். பத்திரிகை அடிக்காததுதான் குறை.

மிஞ்சியது ஒரே ஓர் ஊர்தி. மற்றவர்கள் எத்தனை கெஞ்சினாலும் அது விதிப்படி மெக்கானிக்குத்தான் என்று விதியம்மா சொல்லிவிட்டார். அவரை மெக்கானிக்-மற்றும்-ஓட்டுநர் என்று பெயர் மாற்றம் செய்து ஒரு தாளும் தயாராயிற்று. தங்கச்சி முதல்நாளே வந்து அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மாப்பிள்ளை இப்போது சதை போட்டிருந்தார். ஒன்றும் பயப்பட வேண்டாம் மச்சான், கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும், அவ்வளவுதான், வண்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அனுபவஸ்தர் மாதிரித் தைரியம் சொன்னார்.

காலையில் ஊர்வலம் கிளம்பியது. மெக்கானிக் கடைசியில் நின்று முன்னால் இருந்தவர் முதுகில் கைவைத்திருந்தார். மனசு லேசாக இருந்தது. பன்னிரண்டு வருடம் முடியப்போகிறது, இனி வீடு, பாதிச் சம்பளம், பிற்பகலில் தூக்கம். மதகு வந்தது. சரிவு வந்தது. இயக்குநர் பழகிய கையை எடுத்தார். வண்டி நகர்ந்தது.

புதிய பெல்ட் போட்ட வண்டி அது. கிளட்சைப் பிரித்துக் கரி துடைத்து அவரே மாட்டியது, நாலு நாள் வேலை. நட்டு ஒன்று அகப்படாமல் தரையில் படுத்துத் தேடியது. இதெல்லாம் நினைவுக்கு வந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியாது. வரிசையிலிருந்து விலகி ஓடினார். விதியம்மாவைத் தாண்டினார், துணை இயக்குநரைத் தாண்டினார், இயக்குநரையும் தாண்டினார். ஓடுகிற வண்டியில் பாய்ந்து ஏறி, கைப்பிடியை வளைத்து, பிரேக்கை அழுத்தினார். தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

வண்டியின் மேலே மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். பின்னால், எட்டடி தூரத்தில், இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. இயக்குநரை முந்தியது, இயக்குநர் நின்றிருக்கையில் உட்கார்ந்தது, ஊர்திக்கு எந்தச் சேதமும் நேராமல் செய்து துறையின் நடைமுறைக்குக் குந்தகம் விளைவித்தது ஆகிய குற்றங்களுக்காகத் தற்காலிக மெக்கானிக் நாளை முதல் வர வேண்டியதில்லை. சேதம் இல்லாததால் நிரந்தரமாக்க வேண்டிய அவசியமும் எழவில்லை என்று விதியம்மா வருத்தத்தோடு விளக்கினார். எல்லாம் கூடி வந்த நேரத்தில் இப்படிச் செய்துவிட்டீர்களே என்று அவருக்கே கண் கலங்கியது.

சாயங்காலம் தெருவே தங்கச்சி வீட்டில் கூடிவிட்டது. எழவு வீடு மாதிரி ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து உச்சுக் கொட்டினார்கள். துணிக்கடைக்காரர்கூட வந்திருந்தார், வாசலில் அவர் ஊர்தி புகைந்துகொண்டு நின்றது. எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், மெக்கானிக் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை பேர் இத்தனை வருடமாகச் செய்கிற காரியம், தனக்கு ஒரு நிமிடம் செய்ய வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

தங்கச்சிதான் கடைசியில் அழுதுகொண்டே கேட்டாள்.

"ஒரே ஒரு நிமிஷம், சும்மா நிக்க முடியலையா அண்ணே உனக்கு?"

பக்கத்து வீட்டுக்காரர் தன் பையனைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். பையன் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் முதல். "அந்த மாமாவை நல்லாப் பாத்துக்கடா," என்றார்.